ஏழு எண்ணத் தெரிந்த ஊரில் பதினோரு நிமிஷப் பாட்டு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கலாம். அனுப்பினவர் கடலூர்க்காரர், காலேஜ் மூணாம் வருஷம் படிக்கிறார். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் சொன்னது இதுதான்:

"அண்ணா, நாங்க நாலு பேர். மஞ்சக்குப்பத்துல ஒருத்தன் வீட்டு மாடியில ப்ராக்டிஸ் பண்றோம். சொந்தமா ஒரு பாட்டு வச்சிருக்கோம், பதினோரு நிமிஷம். நடுவுல ஏழுல போகும், அப்புறம் அஞ்சுக்கு மாறும். ஒரு கல்ச்சுரல்ஸ்ல வாசிச்சோம். நாலாவது நிமிஷத்துல ஒருத்தர் மேடைக்கு வந்து, 'தம்பி, ஒரு சினிமா பாட்டு போட்டுட்டு இறங்குங்க'ன்னுட்டார். எங்க ஊர்ல இந்த மாதிரி பாட்டை யாருண்ணா கேப்பாங்க? பெங்களூர் போயிடலாமா, இல்ல பாட்டைச் சுருக்கிடலாமா?"

இதை நான் நாலஞ்சு தடவை கேட்டேன். ஏன்னா எனக்கும் இது நடந்திருக்கு. நான் பேஸ் கிதார் வாசிச்ச காலத்துல, ஒரு காலேஜ் மேடையில எங்க மைக்கையே அணைச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பஸ்ல வரும்போது, "இந்த ஊருக்கெல்லாம் இது புரியாதுடா"ன்னு பேசிக்கிட்டே வந்தோம். அந்த வாக்கியம் தப்புன்னு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. எப்படித் தப்புன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, ப்ராக்னா என்ன?

ப்ரோக்ரசிவ் ராக். சுருக்கமா ப்ராக். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் உருவான இசை. அதுவரை ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம், நாலு எண்ணிக்கைத் தாளம், ஒரு பல்லவி, ஒரு கிதார் சோலோ, முடிந்தது. சில இளைஞர்களுக்கு அது போதவில்லை. மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாவற்றையும் ராக்குக்குள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். 1969-ல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ப்ராக் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அந்த ஆல்பத்தைத்தான் காட்டுவார்கள்.

அடையாளம் கண்டுபிடிக்க மூன்று விஷயம் வச்சுக்கலாம்.

ஒன்று, நீளம். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 1972-ல் வந்தது. அதன் தலைப்புப் பாட்டு மட்டுமே எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். அதே வருடம் ஜெத்ரோ டல் ஒரே பாட்டை ரெக்கார்டின் இரண்டு பக்கத்திலும் போட்டார்கள், 40 நிமிடத்துக்கும் மேல்.

இரண்டு, எண்ணிக்கை. நாலு நாலாகப் போகாமல் அஞ்சு, ஏழு, ஒன்பது என்று போகும், நடுவில் மாறும். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி', 1973. எல்லோரும் கேட்ட பாட்டுதான். அந்த பேஸ் கிதார் ஏழு எண்ணிக்கையில் நடக்கும். சாக்ஸபோன் சோலோவும் அதே ஏழில்தான். கிதார் சோலோ தொடங்கும்போது மட்டும் நாலுக்கு மாறும்.

மூன்று, கதை. பாட்டுகள் தனித்தனியாக இல்லாமல் ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கதையாக, ஒரே எண்ணமாகப் போகும்.

1970களின் கடைசியில் பங்க் இசை வந்தபோது, "இதெல்லாம் அலட்டல்"னு ப்ராக்கை ஓரங்கட்டினாங்க. ஆனா அது சாகலை. ட்ரீம் தியேட்டர், டூல், போர்க்குபைன் ட்ரீ, ஓபெத்னு வேற வேற வடிவத்துல திரும்பி வந்தது. இன்னைக்கு நம்ம தென்னிந்தியாவில வர்ற புது ப்ராக் இந்த இரண்டாவது அலையைக் கேட்டு வளர்ந்தவங்க செய்றது. அவங்ககிட்ட அப்புறம் வர்றேன்.

இப்ப அந்த மூணு அடையாளத்தையும் திரும்பிப் பாருங்க. நீளம், எண்ணிக்கை, கதை. இதுல எது நம்ம கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் புதுசு?

கையைத் தட்டுங்க

ஹெட்போன் போட்டிருக்கிறவங்க சும்மா தொடையில தட்டிப் பாருங்க. தகிட தகதிமி. தகிட தகதிமி. 'தகிட' மூணு, 'தகதிமி' நாலு. மூணும் நாலும் ஏழு. 'த'வில் ஒரு தட்டு, அடுத்த 'தக'வில் ஒரு தட்டு, 'திமி'யில் ஒரு தட்டு. இதுதான் மிஸ்ர சாபு. கர்நாடக இசையில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் தாளம். 'தக தகிட' என்று சொன்னால் அஞ்சு, அது கண்ட சாபு.

ஒரு மேற்கத்திய ராக் ட்ரம்மர் ஏழை "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணிப் பழகுவார். எண்ணிக்கையாகவே இருப்பதால் அது கொஞ்ச காலம் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். நம் ஊரில் அதே ஏழு ஒரு சொல்லாக வாயில் உட்கார்ந்துவிடுகிறது. பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பப்பட்ட எட்டு வயசுப் பெண் குழந்தைகிட்ட மிஸ்ர அலாரிப்பு கேட்டுப் பாருங்க. அது ஏழுல ஆடும். "இது ஆட் டைம் சிக்னேச்சர்"னு யாரும் அதுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

சிதம்பரத்துல அந்தக் குழந்தைகளுக்குப் பஞ்சம் கிடையாது. கோபுரத்திலேயே 108 கரணங்கள் செதுக்கி வச்ச ஊர். 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிற ஊர்.

கீழ வீதியில் மல்லாரி

நாட்டியத்தைக்கூட விடுங்க. அது டீச்சர் வச்சுக் கத்துக்கிறது. நான் சொல்ல வந்தது மல்லாரி.

சாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்தில் வாசிப்பது மல்லாரி. ராகம் பெரும்பாலும் கம்பீர நாட்டை. பாட்டு வரி கிடையாது. முழுக்க முழுக்க வாத்தியம்தான். நாதஸ்வரம், தவில், தாளம், ஒத்து. ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு முதலில் மெதுவாக வாசிப்பார்கள், பிறகு அதன் இரண்டு மடங்கு வேகம், பிறகு நாலு மடங்கு. அடியில் தாளம் மாறாமல் அப்படியே நிற்கும். நடுவில் திஸ்ரத்துக்குப் போய்த் திரும்பும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தவாரிக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று வகை உண்டு.

கொஞ்சம் யோசிங்க. வரியே இல்லாத, நீளமான, சத்தமான, வேகம் மாறி மாறிப் போற, கணக்குப் போட்டுக் கடைசியில ஒரே இடத்துல வந்து விழுற ஒரு வாத்திய இசை. அதைத் தெருவுல, திறந்தவெளியில, ஆயிரக்கணக்கான பேர் நின்னு கேக்குறாங்க. பூக்காரம்மா கேக்குறாங்க, டீக்கடைக்காரர் கேக்குறார், ஆட்டோ ஓட்டுறவர் கேக்குறார். "இது எத்தனை எண்ணிக்கை?"னு யாரும் கவலைப்படுறது இல்ல. கோர்வை சரியா வந்து விழும்போது மட்டும் எல்லார் தலையும் ஒண்ணா ஆடுது.

மார்கழி திருவாதிரைக்கோ, ஆனித் திருமஞ்சனத்துக்கோ சிதம்பரம் தேர் வீதியில போய் நின்னுருக்கீங்களா? நான் நின்னேன். அன்னைக்குத்தான் அந்த பஸ் வாக்கியம் எனக்கு உடைஞ்சது.

நீளத்துக்கு வருவோம். பழைய தென்னாற்காடு மாவட்டம், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி, தெருக்கூத்து வாழும் மண். திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து ராத்திரி தொடங்கினால் விடிகிற வரை போகும். மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். ஒரு மகாபாரதக் கதை, ஒரு ராத்திரி. பதினோரு நிமிஷம் நீளமா என்ன?

கதை? கோபாலகிருஷ்ண பாரதி 19-ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தை எழுதினார். சிதம்பரத்தைப் பார்த்தே ஆகணும்னு ஏங்குற ஒரு பண்ணையாளின் கதை, பாட்டு பாட்டாக நகரும். அதைக் கதாகாலட்சேப மேடையில் ஊர் ஊராகப் பாடினார்கள். பெயர் வேறு, அவ்வளவுதான்.

இங்க ஒரு நிமிஷம். "அப்ப ப்ராக்கெல்லாம் நம்மகிட்ட இருந்துதான் போச்சா?"னு கமென்ட் போடாதீங்க. நான் அதைச் சொல்லலை. மல்லாரி வேற, ப்ராக் வேற. மல்லாரியில கார்டு மாற்றங்கள் கிடையாது, ப்ராக்ல கமகம் கிடையாது. வளர்ந்த காரணமும் வேற, பழகின சமூகமும் வேற. நான் சொல்றது காதைப் பத்தி மட்டும்தான். நீளத்தையும் மாறும் எண்ணிக்கையையும் தாங்குற காது இந்த ஊர்ல ஏற்கனவே இருக்கு.

சிதம்பரத்திலிருந்து ஒரு வீணை

ஆனா ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரம் பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அங்கே இசைக்கல்லூரியும் இருந்தது. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்ற பெரியவர்கள் அங்கே பொறுப்பில் இருந்தார்கள். அங்கு படித்து சங்கீத பூஷணம் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் எஸ். ராமநாதன். விழுப்புரத்துக்குப் பக்கம் வளவனூர்க்காரர். பாடகர், வீணைக் கலைஞர், ஆய்வாளர். பிற்பாடு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

1970களின் தொடக்கத்தில் அவரிடம் வீணை கற்க வந்தவர்களில் ஒருவர் ஜான் மெக்லாஃப்ளின். ஆமாம், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் அதே மெக்லாஃப்ளின். எலக்ட்ரிக் கிதாரை ஜாஸும் ராக்கும் கலந்து, பயங்கர வேகத்தில், ஒற்றைப்படை எண்ணிக்கைகளில் வாசித்து அன்றைய ப்ராக் ரசிகர்களைக் கிறங்கடித்தவர்.

அப்புறம் அவர் அந்தச் சத்தமெல்லாம் வேண்டாம்னு அகௌஸ்டிக் கிதாரோட தரையில உட்கார்ந்தார். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். அதுதான் சக்தி குழு. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பது போல கிதாரிலும் கொடுக்க, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்தார். சாதாரணக் கிதார் கம்பிகளோடு, குறுக்கே ஏழு அனுநாதக் கம்பிகளையும் சேர்க்கச் சொன்னார்.

சக்தியின் முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. அது ஸ்டுடியோவில் பதிவானது இல்லை. 1975-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த லைவ் கச்சேரி. இந்த விவரத்தை நம்ம கடலூர்த் தம்பி குறிச்சு வச்சுக்கணும். அங்கேயும் ஒரு காலேஜ் மேடைதான். ஒரு பாட்டு பதினெட்டு நிமிஷம், இன்னொண்ணு இருபத்தொன்பது நிமிஷம். யாரும் மைக்கை அணைக்கலை. அதே குழுவுக்கு, விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்திருக்க, 2024-ல் கிராமி விருது கிடைத்தது.

இப்ப யார் வாசிக்கிறாங்க?

தென்னிந்தியாவில் இன்றைய ப்ராக் பத்திப் பேசினா முதல்ல வர்ற பேர் அகம். பெங்களூரைச் சேர்ந்த குழு, 2003-ல் தொடங்கியது. "கர்நாடிக் ப்ரோக்ரசிவ் ராக்" என்ற பெயரைப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டு போனவர்கள். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். முதல் ஆல்பம் 2012-ல்தான் வந்தது, ஒன்பது வருடம் கழித்து. தில்லானாவையும் கீர்த்தனையையும் எடுத்து, அடியில் கனமான கிதாரும் ட்ரம்ஸும் வைத்து, நடுவில் நீண்ட வாத்தியப் பகுதிகளை விட்டு வளர்ப்பார்கள். 2017-ல் இரண்டாவது, 2025-ல் மூன்றாவது ஆல்பம். இடைவெளியைப் பாருங்க. இந்த இசைக்கு அவசரம் உதவாது. பல வருஷம் வேற வேலை பார்த்துக்கிட்டேதான் இதைச் செஞ்சாங்க.

கொச்சியின் மதர்ஜேன் இன்னும் முன்னோடி. 2008-ல் வந்த 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கிதார் கேட்டுப் பாருங்க. கமகம் கிதாரில் எப்படி உட்காரும் என்பதற்கு அது ஒரு பாடம். பெங்களூரின் ப்ராஜெக்ட் மிஸ்ரம் அடுத்த தலைமுறை. புல்லாங்குழலும் வயலினும் கனமான மெட்டல் கிதாரோடு சண்டை போடும். பேரிலேயே மிஸ்ரம்.

தமிழ்ல? நேரடியா ப்ராக்னு சொல்லிக்கிட்டு வந்த குழுக்கள் கம்மி. ஆனா 1986-லேயே இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' செஞ்சார். வரி இல்லை, படம் இல்லை. தியாகராஜரும் பாக்கும் ஒரே அறையில உட்கார்ந்த மாதிரி ஒரு ஆல்பம். நம்ம அப்பாக்கள் அதை கேசட்ல கேட்டவங்க.

லைவ் கச்சேரி எங்க நடக்குதுன்னு பாத்தா, பெரிய ஊர்தான். 2009-ல் ஓபெத் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு வந்து வாசிச்சாங்க. அதே வருஷம் போர்க்குபைன் ட்ரீ மும்பை ஐ.ஐ.டி.க்கு வந்தாங்க. ரெண்டுமே காலேஜ் மேடை. கடலூர்ல இருந்து சென்னை கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். ராத்திரி கச்சேரி முடிஞ்சு கோயம்பேட்டுல இருந்து பஸ் பிடிச்சு விடியக்காலையில வந்து இறங்குவோம். அந்தத் தூக்கக் கண்ணோட எத்தனை பேர் "நம்ம ஊர்லயும் ஒருநாள்"னு நினைச்சிருப்போம்?

அப்ப ஏன் நாலாவது நிமிஷத்துல இறக்கி விட்டாங்க?

காது இருக்கு. பேண்டும் இருக்கு. அப்புறம் என்ன பிரச்சினை?

நான் கண்டுபிடிச்ச பதில் ஒரு சொல்தான்: சந்தர்ப்பம்.

தேர் வீதியில் நிற்கிற யாரும் மல்லாரி கேட்கணும் என்று டிக்கெட் வாங்கி வரவில்லை. சாமி வெளியே வருகிறது, அதனால் வந்தார்கள். கூத்து பார்க்கிறவர், அது ஊர்த் திருவிழா என்பதால் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறார். அந்த இடத்தில் அந்த இசைக்கு ஒரு வேலை இருக்கிறது. தேர் நகர வேண்டும், ராத்திரி விழித்திருக்க வேண்டும். வேலை இருக்கும் இசை எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். போகப் போக ரசிக்கவும் செய்வார்கள். இருபது வருஷம் ரசித்தபின் அதுதான் காது ஆகிறது.

கல்ச்சுரல்ஸ் மேடையில் இசைக்கு இருக்கிற வேலை வேறு. கூட்டம் ஆட வேண்டும். அதற்கு மூன்று நிமிட சினிமா பாட்டு நூறு சதவீதம் பொருத்தம். அங்கே போய்ப் பதினோரு நிமிஷம் வாசிச்சா, பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சோறு போடாமல் கதை சொன்ன மாதிரி. மேடைக்கு வந்து இறங்கச் சொன்னவர் வில்லன் இல்லைப்பா. அவர் அந்தச் சந்தர்ப்பத்தின் காவல்காரர்.

மைக்கை அணைச்சது சரின்னு சொல்லலை. அது வலிக்கும், எனக்குத் தெரியும். ஆனா "ஊருக்குப் புரியலை"ன்னு முடிவு கட்டினா தப்பான இடத்துல தீர்வு தேடுவோம்.

இதே சிதம்பரத்துல, மேடையில எந்தப் பாட்டு பாடணும்னு ஒரு பெரிய சண்டை நடந்திருக்கு. 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாட்டுகளே நிறைந்திருக்கு, தமிழ்ப் பாட்டுக்கு முக்கிய இடம் வேணும்னு கேட்டாங்க. கடுமையான எதிர்ப்பு வந்தது. "தமிழில் அந்தத் தரத்துக்குப் பாட்டு எங்கே?" என்றார்கள். அவர்கள் வாதம் மட்டும் பண்ணவில்லை. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை போன்றவர்களின் பாட்டுகளைத் தேடி எடுத்து, சொல்லிக் கொடுத்து, அச்சிட்டு, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைத்துத் தனி இசைவிழாவே நடத்தினார்கள். அதாவது, பாட்டுக்கான சந்தர்ப்பத்தைத் தாங்களே உருவாக்கினார்கள்.

சமீபத்திய உதாரணமும் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். கானா, பறை, ராக், ராப் எல்லாம் கலந்த குழு. அதன் பின்னால் இருந்த நீலம் பண்பாட்டு மையம் 2020-ல் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. அடுத்த வருடமே மதுரைக்கும் கோவைக்கும் கொண்டு போனது. மார்கழி என்றால் சபா கச்சேரி என்றிருந்த மாதத்தில் இன்னொரு சந்தர்ப்பத்தை உண்டாக்கினார்கள். அது ப்ராக் இல்லை. ஆனா வழி அதுதான்.

சரி, கடலூர்ல எப்படிச் செய்றது?

இனி தம்பிக்கு நேரடியா.

முதல்ல இடம். பெரிய மைதானம் வேண்டாம். அம்பது பேர் உட்கார்ற இடம் போதும். ஆனா கல்யாண மண்டபம் எடுத்தா ஜாக்கிரதை. டைல்ஸ் சுவர், உயரமான கூரை. சத்தம் எதிரொலிச்சு எதிரொலிச்சுக் குழம்பும். நாலுல போற பாட்டு அந்த எதிரொலியில தப்பிச்சுடும். ஏழுல வேகமா போற பாட்டு கஞ்சி ஆயிடும். தரையில ஜமக்காளம் விரிங்க, பின் சுவர்ல கனமான திரைத்துணி தொங்க விடுங்க, ஆளுங்களைக் கிட்ட உட்கார வைங்க. மனுஷ உடம்பே நல்ல ஒலி உறிஞ்சி. நாதஸ்வரம் ஏன் தெருவுல அவ்வளவு சுத்தமா கேக்குது? திருப்பி அடிக்கக் கூரை இல்ல. அதனால மொட்டை மாடி, தோட்டம், பள்ளிக்கூட முற்றம் எல்லாம் உங்களுக்கு மண்டபத்தைவிட நல்லது.

திறந்தவெளின்னா அனுமதி வேணும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்துக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டரைக்கு முடிங்க. அப்பத்தான் சிதம்பரத்துல இருந்தும் பாண்டியில இருந்தும் வர்றவங்க கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்காது.

அடுத்தது சவுண்ட் சர்வீஸ் அண்ணன். அவர்தான் உங்க ஆறாவது விரல். ஊர் சவுண்ட் செட் பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பழகினது: பாடுற மைக், கீபோர்டு, ரிதம் பேடு, குரலுக்கு நல்லா எக்கோ. உங்களுக்கு அது வேண்டாம். முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசுங்க. கிதாரையும் பேஸையும் ப்ராசசர்ல இருந்து நேரா மிக்சருக்குக் கொடுங்க, ஆம்ப் தூக்க வேண்டாம். ட்ரம்ஸுக்கு மூணு மைக் போதும்: கிக், ஸ்னேர், மேலே ஒண்ணு. ட்ரம்மர் காதுல க்ளிக் ஓடட்டும், எண்ணிக்கை மாறுற இடத்துல அவர்தான் நங்கூரம். சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் கேளுங்க. அவரை மரியாதையா நடத்துங்க. பாட்டோட வரைபடத்தை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. "அஞ்சாவது நிமிஷம் சத்தம் குறையும், கூட்டிடாதீங்கண்ணே"ன்னு.

மூணாவது, சந்தர்ப்பம். இதுதான் முக்கியம். "ப்ராக் ராக் நைட்"னு போஸ்டர் அடிச்சா உங்க நாலு பேரோட ஃப்ரெண்ட்ஸ் மட்டும் வருவாங்க. ஊர்ல ஏற்கனவே ஜனங்க கூடுற நாளைப் பாருங்க. பொங்கல் முடிஞ்சு தை அஞ்சாம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் எத்தனை ஊர் சாமி வருது! மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை நிறையுது. வெளியூர்ல வேலை பாக்குறவங்க எல்லாம் அந்த வாரம் வீட்டுல இருப்பாங்க. திருவிழா நடுவுல போய் வாசிக்கச் சொல்லலை. அந்த வாரத்துல, அடுத்த நாள் சாயங்காலம், "ஊருக்கு வந்தவங்க ஒரு தடவை கூடுவோம்"னு வைங்க. ஒரு தவில் கலைஞரைக் கூப்பிடுங்க, உரிய சம்பளம் கொடுத்து. அவர் பத்து நிமிஷம் தனி வாசிக்கட்டும். அவர் முடிச்ச அதே எண்ணிக்கையில உங்க பாட்டு ஆரம்பிக்கட்டும். அவர் ஏழை ஏற்கனவே கூட்டத்தோட உடம்புல ஏத்தியிருப்பார். நீங்க அதுமேல நடந்து போனா போதும்.

நாலாவது, வரிசை. பதினோரு நிமிஷப் பாட்டை முதல்ல வாசிக்காதீங்க, கடைசியிலும் வேண்டாம். சின்னதா ரெண்டு சொந்தப் பாட்டு, அப்புறம் பெருசு. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எடுத்துக் கூட்டத்துக்குத் தகிட தகதிமி கத்துக் கொடுங்க. கை தட்ட வைங்க. அந்த இடம் பாட்டுல வரும்போது அவங்களே பிடிச்சுக்குவாங்க. தனக்குத் தெரிஞ்ச ஒண்ணு பாட்டுக்குள்ள வந்தா யாரும் எழுந்து போறது இல்ல.

கடைசியா

பெங்களூர் போகலாமான்னு கேட்டீங்க. போங்க, தப்பில்ல. அங்க கேக்கவும் வாசிக்கவும் ஆள் இருக்காங்க. ஆனா இங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சு மட்டும் போகாதீங்க.

பாட்டைச் சுருக்கலாமா? ஒரு சோதனை சொல்றேன். பதினோரு நிமிஷத்தையும் ரெக்கார்ட் பண்ணி, இசை தெரியாத ஒருத்தர் முன்னாடி போடுங்க. உங்க அம்மாவா இருக்கலாம், மாடி வீட்டுத் தாத்தாவா இருக்கலாம். எந்த இடத்துல அவங்க கண்ணு போன் பக்கம் போகுதோ, அந்த இடம் மட்டும் வெட்டுங்க. அது எட்டு நிமிஷம் ஆகலாம், பதினொண்ணாவே நிக்கவும் செய்யலாம். மேடைக்கு வந்தவர் சொன்னார்ங்கிறதுக்காக நாலாவது நிமிஷத்துல வெட்டாதீங்க.

உங்க மாடியில அம்பது பேர் உட்கார இடம் இருக்கான்னு எனக்கு மறுபடி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. இருந்தா, மாசி மகத்துக்கு மறுநாள் நானும் வர்றேன். ஜமக்காளம் நான் கொண்டு வர்றேன்.

மத்தவங்களுக்கு இந்த வாரம் கேக்கிறதுக்கு மூணு. பிங்க் ஃப்ளாய்டோட 'மணி', தொடையில ஏழு தட்டிக்கிட்டே. சக்தியோட முதல் ஆல்பம், முழுசா, நடுவுல நிறுத்தாம. மூணாவது, ஒரு தேர் மல்லாரி. அதை மட்டும் யூட்யூப்ல கேக்காதீங்க. உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ அடுத்த புறப்பாடு எப்பன்னு விசாரிச்சு, தெருவுல போய் நின்னு கேளுங்க. தவிலுக்கு ரொம்பக் கிட்ட நிக்காதீங்க, காது முக்கியம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.